யாருக்கும் யாரும் இல்லாத நூறு பேர்

உட்காருங்க அக்கா, இடம் இருக்கு. கூடையை மட்டும் அந்தப் பக்கம் தள்ளி வைங்க. உள்ளே கோழியா? கொத்தாது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சரி, இருக்கட்டும்.

நான் கோர்ட் ஸ்டாப்பில் இறங்கணும். இல்லை, புருஷன் தகராறு எல்லாம் இல்லை. எனக்குப் பத்தொன்பதுதான் ஆகிறது. சாட்சி சொல்லப் போகிறேன். இது மூன்றாவது தடவை. முதல் தடவை ஜட்ஜ் லீவு. அடுத்த தடவை அரசு வக்கீல் வரவில்லை. மூன்று தடவையும் விடிந்ததும் கிளம்பி, இதே பஸ், இதே சீட்டு, இதே தலைவலி. இன்னும் வாயையே திறக்கவில்லை, அதற்குள் வாய் வலிக்கிறது.

டிக்கெட்டா? எனக்கு வேண்டாம் அண்ணே. எடுத்திருப்பாங்க. முன்னாடி கேளுங்க.

பார்த்தீங்களா? டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் பச்சைத் துண்டு போட்ட ஒருத்தர் இருக்கிறாரே, அவர்தான் எடுத்திருக்கிறார். மூன்று தடவையும் அவர்தான். நான் கேட்டேனா? கேட்கவில்லை. அவர் எனக்கு யாரும் இல்லை. ஒரே ஊர், ஒரே தெரு, அவ்வளவுதான். பேர் வில்லாயுதம். பேச மாட்டார், திரும்பிப் பார்க்க மாட்டார். கண்டக்டரிடம் இரண்டு விரலைக் காட்டிவிட்டுத் தலையைப் பின்பக்கமாக ஒரு ஆட்டு ஆட்டுவார். அவர் மகன்மேல்தான் கேஸ். அவர் மகனுக்காகத்தான் நான் சாட்சி.

சொல்கிறேன். ஆனால் நீட்டி முழக்க மாட்டேன், எனக்கு அது வராது. பத்தாவதோடு நின்றவள் நான். பெயில் எல்லாம் ஆகவில்லை. 'நான் விரும்பும் தலைவர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் யாரையும் விரும்பவில்லை என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். தமிழய்யா நோட்டை என் மூஞ்சியில் எறிந்தார். பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான், திரும்பப் போகவில்லை. பரீட்சைக்கு மட்டும் போனேன்.

அந்த வருஷம்தான் மேடம் வந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு வெள்ளை வேன். தேவிகா மேடம், அவர்களுக்குக் கீழே இரண்டு பேர், ஒரு ஐஸ் பெட்டி. எங்க ஆட்களைத் தேடி வந்திருந்தார்கள். எங்க சாதிப் பேரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது அக்கா. மூன்று ஊரில்தான் இருக்கிறோம், மொத்தம் நாலாயிரம் பேர். கரிமூட்டம் போடுகிறவர்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, வைக்கோல் போட்டு மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்துக் கரியாக்கி விற்கிறோம். எங்களைத் தேடி அதுவரை வந்தது போலீசும் ஓட்டுக் கேட்கிறவர்களும்தான்.

மேடம் எனக்கு இப்படித்தான் சொன்னார்கள்: "ஒரு இடத்துல ரத்தம் கிடைக்குதுனு வை. அதுல இருக்குற டி.என்.ஏ.ல இருபது இடத்துல நம்பர் பாப்போம். ஒவ்வொரு இடத்துலயும் அப்பா குடுத்தது ஒண்ணு, அம்மா குடுத்தது ஒண்ணு. அந்த நம்பர் உங்க ஆட்கள்ல பத்துல ஒருத்தருக்கு இருக்கா, ஆயிரத்துல ஒருத்தருக்கு இருக்கானு தெரிஞ்சாத்தான் அது இவன் ரத்தம்தான்னு அடிச்சுச் சொல்ல முடியும். அதுக்கு ஒரு பட்டியல் வேணும். நூறு பேர். ஆனா அந்த நூறு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் சொந்தமா இருக்கக் கூடாது. மூணு தலைமுறைக்கு ரத்த உறவு கூடாது."

நான் சிரித்துவிட்டேன். "எங்க ஊர்லயா மேடம்?"

"மூணு ஊர் இருக்கே. கேட்டுப் பாரு. ஒவ்வொருத்தர்கிட்டயும் பட்டியலைப் படிச்சுக் காட்டு, இதுல யாராவது உங்களுக்குச் சொந்தமானு கேளு. அவங்க சொல்றதை அப்படியே எழுது. நீயா எதையும் சேர்க்காதே."

அந்தக் கடைசி வார்த்தையைக் கவனிங்க அக்கா. நீயா எதையும் சேர்க்காதே. நான் சேர்க்கவில்லை. சொன்னதைத்தான் எழுதினேன். இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லிவிட்டேன் தெரியுமா?

எங்க ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சண்டை முற்றினால் இருளப்பசாமி கோயில் வாசலுக்குப் போவார்கள். சூடத்தைக் கொளுத்தி, "இனி இவன் எனக்கு யாரும் இல்லை" என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைப்பார்கள். அணைத்தால் அணைத்ததுதான். கல்யாணம் சாவு எதற்கும் போகக் கூடாது. பிள்ளைகள் முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது. மீறிச் சொந்தம் என்று வாயால் சொன்னால் சாமி குத்தம், அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் போய்விடும் என்பார்கள். நான் நம்பவில்லை. ஆனால் கூப்பிட்டதும் இல்லை.

எங்க மூன்று ஊரிலும் சூடம் அணைக்காத வீடு கிடையாது. ஆடு மேய்ந்ததற்கு ஒரு சூடம், பந்தியில் கறி கம்மியாக வைத்ததற்கு ஒரு சூடம். இந்த ஊரில் போய் நான் சொந்தமா என்று கேட்கிறேன்.

முதல் நாளே குருவம்மாள் வீடு. பட்டியலில் அவர்கள் கூடப்பிறந்த தம்பி ஏற்கெனவே இருக்கிறார், ஏழாம் நம்பர். பேரைப் படித்தேன். "அவனா? அவன் எனக்கு யாரும் இல்ல, எழுது" என்றார்கள். எழுதினேன். பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்குள் விட்டுத் தேய்த்து உறையில் போட்டு நம்பர் ஒட்டியாயிற்று. வெற்றிலையை மட்டும் துப்பச் சொன்னோம், அதற்குத்தான் ரொம்ப வருத்தப்பட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு கூத்து. கடைசி ஊர்க்காரர்கள் ரொம்பத் தூரம். அவர்களோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் கல்யாணம் எதுவும் மூன்று தலைமுறையாகக் கிடையாது. மேடத்துக்கு வேண்டியது அவர்கள்தான். அங்கே போய்க் கேட்டால், "எல்லாரும் சொந்தந்தான் தாயி! ஒரே சாமி கும்பிடுறோம். இவரு எனக்குச் சித்தப்பன், அவரு மாமன்" என்கிறார்கள்.

"ரத்த உறவா?" என்று கேட்டேன்.

"அதுக்கும் மேல."

அப்படியே எழுதினேன். அதுக்கும் மேல என்றே எழுதினேன். மேடத்தோடு வந்தவர்கள் அவர்களை எல்லாம் கழித்துவிட்டார்கள்.

ஆக, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உள்ளே, சொந்தமில்லாதவர்கள் அத்தனை பேரும் வெளியே. பன்னிரண்டு நாளில் நூறு முடிந்தது. மேடத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம். "சின்ன சமூகத்துல இவ்வளவு சுத்தமா நூறு பேர் கிடைச்சதே இல்ல" என்றார்கள். எனக்கு ஒரு சான்றிதழும் ஒரு டப்பா பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

தெரியாதா என்றா? எனக்குத் தெரியாமல் இருக்குமா அக்கா? குருவம்மாள் யார் தம்பி யார் என்று எங்க ஊர் ஆட்டுக்குக்கூடத் தெரியும். ஆனால் கேள்வி என்னிடம் இல்லையே. அவர்களிடம்தானே கேட்டது. அவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன்.

நாற்பத்தொன்றாம் நம்பர், எங்க அப்பா. கருமலையான். நாற்பத்திரண்டாம் நம்பர், முன்னாடி உட்கார்ந்திருக்கிற அந்தப் பச்சைத் துண்டு.

ஆமாம். அண்ணன் தம்பிதான். கூடப்பிறந்தவர்கள். அவர் பெரியவர்.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது நடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெரிய மூட்டம் போட்டார்கள். அவர் காவல் இருந்த நேரத்தில் மண் விரிசல் விட்டுக் காற்று உள்ளே போய், மொத்தமும் சாம்பல். "தூங்கிட்டியாடா?" என்று அப்பா கேட்டார். அண்ணனைப் பார்த்து 'டா' போட்டுக் கேட்டார். அவ்வளவுதான், கோயில் வாசலுக்குப் போய்விட்டார்கள். நான் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சூடத்தை அடிக்கும்போது அப்பாவுக்குக் கை சுட்டுக் கொப்பளித்துவிட்டது.

இதில் பாவம் அம்மாதான். அண்ணனும் தம்பியும் கட்டினது அக்காவையும் தங்கச்சியையும். அந்த வீட்டு அம்மா எங்க அம்மாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. குழாயடியில் அக்கா வருவது தெரிந்தால் அம்மா தன் குடத்தை எடுத்துவிட்டு இடத்தை விட்டு ஒதுங்கி நிற்பாள். பதின்மூன்று வருஷமாக அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

படிவத்தை நிரப்பும்போது அப்பாவிடம் நான் சொல்லிப் பார்த்தேன். "அப்பா, இது அறிவியலுக்கு."

"அறிவியலுக்குச் சூடம் தெரியுமா?" என்றார். "எழுது. எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்ல."

எழுதினேன்.

இந்த ரயில்வே கேட்டில் எப்போதுமே நிற்கும். ரயில் போகிற வரைக்கும் இப்படியே. நீங்க வேண்டுமானால் கோழிக்குத் தண்ணீர் காட்டுங்க.

கேஸா? போன வருஷம் ஆடியில், டவுனில் கரி கமிஷன் மண்டியை உடைத்துவிட்டார்கள். பின்பக்க ஜன்னல் கண்ணாடியை உடைத்து எவனோ இறங்கியிருக்கிறான். வாட்ச்மேன் பார்த்துவிட்டார் என்று கட்டையால் அடித்ததில், அந்த மனுஷனுக்கு ஒரு கண் போய்விட்டது. உடைந்த கண்ணாடியில் உள்ளே இறங்கினவன் ரத்தம் இருந்தது. மண்டிக்கு லோடு ஏற்றி இறக்குகிறவன் ஒருத்தன், பேர் வழிவிட்டான். அவன்தான் அந்தப் பச்சைத் துண்டுக்காரர் மகன். முந்தின வாரம்தான் மண்டிக்காரரோடு கூலித் தகராறு போட்டிருந்தான். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன் என்கிறான். யார் பார்த்தது? பதினொரு மாசமாக உள்ளே இருக்கிறான். தீர்ப்பு விழுந்தால் ஏழு வருஷமாவது கிடைக்குமாம்.

அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை அக்கா. எனக்கு அவன் யாரும் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். லாரியில் நாய்க்குட்டி ஏறிக்கொண்டால் இறக்கிவிட மனசில்லாமல் டவுன் வரை கூட்டிப்போய்த் திருப்பிக் கூட்டி வருகிறவன். எங்க அண்ணன் பூமிராஜன்தான் முன்கோபி. அவனும் அதே மண்டிக்குத்தான் லோடு போவான். ஒரே லாரி, ஆளுக்கு ஒரு மூலை, பேச்சு கிடையாது.

அந்த ஆடி எனக்கு மறக்காது. எல்லா வேலையும் என் தலையில். அண்ணன் உள்ளங்கையைத் தகரம் கிழித்துவிட்டது என்று பெரிய கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து படுத்துக்கொண்டான். மூட்டத்துக்கு மண் சுமந்தது யாரு, நான். தண்ணீர் சுமந்தது யாரு, நான். அப்புறம் அண்ணன், பெரிய துரை கணக்காக, திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். இன்று வரை ஒரு போன் கிடையாது. நம்பரையும் மாற்றிவிட்டான். கோயில் கொடைக்குக்கூட வரவில்லை. அவனிடம் ஒரு கோடு போட்ட சட்டை இருந்தது, நல்ல சட்டை. எனக்குக் கொடுத்திருந்தால் கையை மடித்துத் தைத்துப் போட்டிருப்பேன். அதை அப்பா தூக்கி மூட்டத்துக்குள் போட்டுவிட்டார். இந்த வீட்டில் எனக்கு என்று எதுவும் மிஞ்சாது.

சரி, கேஸுக்கு வருகிறேன். அந்தக் கண்ணாடியை எடுக்கவே நாலு நாள் ஆக்கிவிட்டார்கள். வெயிலில் கிடந்து ரத்தம் கெட்டுவிட்டது. இருபது இடத்தில் ஏழு இடம்தான் தேறியது. அந்த ஏழும் வழிவிட்டானுக்கு ஒத்துப்போனது. பிறகு பட்டியலைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். எந்தப் பட்டியல்? என் பட்டியல். அதை வைத்துக் கணக்குப் போட்டு, இந்தச் சாதியில் ஏழும் இப்படி அமைவது அறுபதாயிரத்தில் ஒருத்தனுக்குத்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாங்களே நாலாயிரம் பேர். அப்போ அவன்தானே?

அவனுக்கு வாதாடுகிறவர் ஜன்னத் வக்கீல். குட்டையாக இருப்பார்கள், குரல் மட்டும் மூன்று ஆள் குரல். எதையோ தோண்டி அந்தப் பட்டியலைப் பற்றிப் படித்துவிட்டு, எங்க ஊருக்கே வந்து, "இங்க மேடத்துக்கு யாரு உதவி பண்ணது?" என்று கேட்டுக் கேட்டு என்னைப் பிடித்தார்கள். உறையில் நம்பர்தான் உண்டு, பேர் மேடத்தின் பூட்டின பெட்டியில். ஆனால் என்னிடம் என் கணக்கு ரஃப் நோட்டு இருந்தது. எந்த நம்பர் எந்த வீடு, என்ன கேட்டேன், என்ன சொன்னார்கள், எல்லாம் என் கையெழுத்தில். இதோ, இந்தப் பையில் இருக்கிறது.

வக்கீலம்மா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். "அதுக்கும் மேலனு என்ன எழுதியிருக்க?" என்றார்கள். சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து அப்படிச் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"ராக்கேஸ்வரி, ஊர்ல எத்தனை பேர் சிவப்புச் சட்டை போடுறாங்கனு எண்ணப் போற. நாலே வீட்டுக்குள்ள நுழைஞ்சு திரும்பத் திரும்ப அவங்களையே எண்ணிட்டு வந்து, இதுதான் ஊர்னு சொன்னா ஒத்துக்கலாமா?"

"அவங்க சொன்னதைத்தான் நான்..."

"தெரியும், தெரியும். அப்படியே எழுதின. இப்ப உண்மையைச் சொல்லு. யாருக்கு யாரு என்ன வேணும்?"

உட்கார்ந்து சொன்னேன். மூன்று மணி நேரம். நூறு பேரில் எழுபத்தி நாலு பேர் நெருங்கின ரத்தம். எங்க அப்பாவும் அவரும் அண்ணன் தம்பி, கட்டினது அக்கா தங்கச்சி, அப்பாவையும் அவரையும் பெற்ற ஆத்தாளும் எங்க தாத்தாவுக்கு மாமன் மகள் என்றதும் வக்கீலம்மா பேனாவை வைத்துவிட்டார்கள். பட்டியலும் செல்லாது, அறுபதாயிரமும் செல்லாது என்றார்கள். "அதோட, யாரோ ஒரு ஆளை விட, வழிவிட்டானுக்கு நெருங்கின ரத்த சொந்தக்காரனுக்கு இந்த ஏழும் ஒத்துப்போக ரொம்ப வாய்ப்பு இருக்கு" என்றார்கள். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, "உனக்குக் கூடப்பிறந்தவங்க யாராச்சும் உண்டா?" என்று கேட்டார்கள்.

"ஒரு அண்ணன். திருப்பூர்ல இருக்கான்."

எழுதிக்கொண்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், வடையும் கொடுத்தார்கள். எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வக்கீல் வீட்டு வடை, சாப்பிட்டேன்.

எப்படிச் சாட்சி சொல்வது என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். கோர்ட்டில் கேஸ் ஆளை எதிரி என்பார்களாம். "அரசு வக்கீல் உன்கிட்ட எடுத்ததுமே, எதிரிக்கு நீ என்ன உறவுனு கேப்பார். யாரும் இல்லனு சொன்னா, அப்ப உன் நோட்டு சரி, பட்டியல் சரி, நீ வீட்டுக்குப் போகலாம். தங்கச்சினு சொன்னா, அண்ணனைக் காப்பாத்தப் பொய் சொல்ல வந்தவனு சொல்லுவார். எப்படினாலும் உனக்குத் திட்டுதான்."

"எனக்குப் பள்ளிக்கூடத்துலயே பழக்கம் மேடம்" என்றேன்.

தேவிகா மேடத்துக்கும் போன் போட்டேன். நான் என்ன, ஒளிகிற ஆளா? "தெரிஞ்சேதான் எழுதினியா?" என்று கேட்டார்கள்.

"நீங்கதானே நீயா எதையும் சேர்க்காதேனு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன்" என்றார்கள். "நான் போய் ஒரு தடவை விசாரிச்சிருக்கணும். நீ கோர்ட்ல அப்படியே சொல்லு." அவர்கள் குரலும் என் குரல் மாதிரியே ஆகிவிட்டது, ஓய்ந்துபோய்.

வீட்டில்தான் பெரிய பாடு. சம்மன் வந்த நாளிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. பேசினால் கத்துவது. "சூடம் அணைச்சது உனக்குத் தெரியாதா? நீ போய் அண்ணன் தம்பினு சொன்னா நம்ம வீட்டுல உசுரு போகும்." நான் கேட்டேன், "அவன் உள்ள கிடக்குறானே, அது உசுரு இல்லையா?" அதற்கு அப்பா, "அவன் உள்ள இருக்கட்டும். அது அந்த வீட்டோட போகட்டும்" என்றார். இப்படி ஒரு வீம்பை நான் பார்த்ததில்லை. நேற்று சாயங்காலம் என் நோட்டைத் தேடிக்கொண்டிருந்தார், அடுப்பில் போட. நான் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் என் செருப்பு வாரை அறுத்துப் போட்டிருக்கிறார். அரிவாளால் அறுத்த மாதிரி நேராக இருக்கிறது. ஊக்குப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், பாருங்க. செருப்பு இல்லாவிட்டால் போக மாட்டேன் என்று நினைத்தாரா?

அம்மா வாசலில் நின்றாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "எனக்கு ரெண்டு பக்கமும் எரியுதுடி" என்றாள். அக்கா மகன் உள்ளே இருக்கிறானே, அது ஒரு பக்கம். சூடம் ஒரு பக்கம். எத்தனை நாளைக்கு இந்தச் சூடத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள்?

எடுத்துவிட்டான் பஸ்ஸை. இனி ஐந்து நிமிஷம்தான்.

என்ன அக்கா? அண்ணனா? எப்போது திருப்பூர் போனான் என்றா?

சொன்னேனே, ஆடியில்தான். மண்டி உடைந்தது வியாழக்கிழமை. சந்தைக்கு மறுநாள். இவன் போனது ஞாயிற்றுக்கிழமை. அம்மா அவனுக்கு மட்டும் கறி எடுத்துச் சமைத்தாள், அதனால் ஞாபகம் இருக்கிறது. ஏன் கேட்கிறீங்க?

கையா? வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து பார்க்கிறேன், கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். தகரம்தான் என்றான். தகரம்...

எங்க வீட்டில் தகரம் கிடையாது அக்கா. ஓலைக் கூரை.

கொஞ்சம் இருங்க. பேசாதீங்க.

சட்டையில் கரிதான் இருந்தது என்று நினைத்தேன். எங்க வீட்டில் எல்லார் சட்டையிலும் கரிதானே. கரி பட்ட சட்டையை யாராவது எரிப்பார்களா? அப்படி எரிக்க ஆரம்பித்தால் எங்க ஊரில் ஒருத்தருக்கும் துணி இருக்காது. அப்பா பழைய கோணியைக்கூடத் தைத்து வைத்துக்கொள்கிறவர். அதைத் தூக்கி மூட்டத்தில் போட்டார். நான் சட்டை போச்சே என்று சண்டை போட்டேன். ஒரு நாள் முழுக்கச் சோறு சாப்பிடாமல் சண்டை போட்டேன், சட்டைக்காக.

அந்த வடை. வக்கீலம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அம்மாவுக்கும் தெரியும். ரெண்டு பக்கமும் என்றாளே.

நான் எவ்வளவு பெரிய மக்கு அக்கா. ஊரில் யாருக்கு யார் என்ன வேண்டும் என்று நூறு பேருக்குச் சொல்லத் தெரிந்தது.

இல்லை, நான் அழவில்லை. தலைவலி. நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், திரும்பிப் போ என்றும் சொல்ல வேண்டாம், நான் கேட்க மாட்டேன். திரும்பிப் போனால் எங்கே போவேன்? வீட்டுக்குப் போய் அப்பா மூஞ்சியைப் பார்த்து, செருப்பு அறுந்துவிட்டது, அதான் வந்துவிட்டேன் என்று சொல்லவா? அப்போ வழிவிட்டானுக்கு ஏழு வருஷம். இறங்கினால் எங்க அண்ணன் பூமிராஜனுக்கு. இரண்டு பேரும் ஒரே வயிறு மாதிரிதான். அம்மாவைக் கேட்டால் அப்படித்தான் சொல்வாள்.

அந்த வாட்ச்மேனும் கோர்ட்டுக்கு வருவார். இரண்டு தடவையும் வந்திருந்தார், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் பஞ்சு வைத்திருப்பார். என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கே தெரியாது.

சொன்னதைத்தான் எழுதினேன், சொன்னதைத்தான் எழுதினேன் என்று இத்தனை நாளும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சுலபம் அக்கா. எனக்குத் தெரிந்ததை என்னிடம் யாரும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்பார்கள். எதிரிக்கு நீ என்ன வேண்டும் என்பார்கள். தங்கச்சி என்று சொல்வேன். அடுத்தது, உன் கூடப்பிறந்தவன் எங்கே என்பார்கள். எனக்குப் பொய் வராது. வந்திருந்தால் அந்தக் கட்டுரையையே எழுதியிருப்பேன்.

கோர்ட் ஸ்டாப் வந்துவிட்டது. கூடையை எடுங்க, நான் இறங்கணும். நீங்க சொன்னது சரிதான், கொத்தவில்லை.

முன்வாசலில் பாருங்க, இறங்கி நிற்கிறார். எப்போதும் இப்படித்தான். திரும்பிப் பார்க்க மாட்டார். நான் இறங்கின சத்தம் கேட்டதும் பத்தடி முன்னால் நடப்பார், கோர்ட் வாசல் வரைக்கும். வேகமாக நடப்பார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

இறங்குறேன் அண்ணே, விசில் அடிக்காதீங்க.

பெரியப்பா. உங்களைத்தான். மெதுவா நடங்க, என் செருப்பு சரியில்ல.